அந்த வளைவில் ஐஸ் இருக்கவில்லை

ஹவுகெட்டோவில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தாலே போதும், இந்த ஒஸ்லோவை யார் கூட்டித் துடைக்கிறார்கள், இங்கத்தைக் கிழவன் கிழவிகளை யார் தூக்கி இருத்திச் சாப்பாடு தீத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும். முக்கால்வாசியும் கறுத்த தலைகள். அந்தத் தலைகள் ஏறிப்போன பஸ்ஸைத்தான் ஓர் இலையுதிர்காலத்தில் நிறுத்தினார்கள். ஏறுகிற ஆட்கள் காணாதாம். நிறுத்தியவர்கள் ஞாயிற்றுக்கிழமை போர்த்து மூடிப் படுக்கிறவர்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஞாயிறு என்று பார்த்துக் கிழவிக்குப் பசிக்காமல் இருக்குமா?

சத்தியபாமா அந்த பஸ்ஸில் போய் வந்தவள். ஹொல்ம்லியாப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கணவன் ஸ்ரீதரனுக்குப் பேக்கரியில் இரவு வேலை என்பதால் காரும் அவனோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் அவளின் வேலை நேரத்துக்குப் பிந்தித்தான் வரும். பஸ் நின்றுபோனதும் பாமா ஒரு பழைய சைக்கிளை வாங்கினாள். எங்கள் சனத்துக்கு அது போதாதா?

"என்ன பாமா, காரை வித்துப்போட்டியளோ?" என்று கோயிலில் கேட்டார்கள். "இந்த வயதிலை உதென்ன கோலம்?" என்றார்கள். நோர்வேக்கு வந்து கார் இல்லாதவன் மனிதனே இல்லை என்பது எங்கள் ஆட்களின் வேதம். வெள்ளைக்காரன் சைக்கிளில் போனால் உடற்பயிற்சி, தமிழன் போனால் தரித்திரம். பாமா அசையவில்லை.

"உங்கடை வாய்க்கு நான் பிறேக் போடேலாது" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனாள்.

ரயில் ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. றோட்டு அதில் ஒடுங்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இரும்பு வேலி. சைக்கிளுக்கென்று ஒரு முழம் இடம் கிடையாது. நவம்பர் மாதம் ஒரு ஞாயிறு, இன்னும் இருட்டுக் கலையாத நேரம், அந்த வளைவில் ஒரு டாக்சி பாமாவை இடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. டாக்சியில் இருந்து இறங்கி "ஐயோ கடவுளே, பாமா!" என்று தலையில் கை வைத்தவன் வேறு யாருமில்லை, சின்னராசா. ஸ்ரீதரனின் உயிர்ச் சிநேகிதன். இரவு முழுக்க ஓடிவிட்டு வீட்டுக்குத் திரும்பியவன், நித்திரை வெறியில் வளைவைக் குறுக்காக வெட்டித் திருப்பியிருக்கிறான்.

சின்னராசா முதலில் போன் அடித்தது அம்புலன்சுக்கு அல்ல, ஸ்ரீதரனுக்கு. வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்புக்கு முன்னால் மச்சானுக்கு போன் அடிக்கிற சனம் நாங்கள். ஸ்ரீதரன் மாவுக் கையோடு ஓடி வந்தான். பாமா குளிர்ந்த தாரில் கிடக்க, இரண்டு பேரும் அவளுக்கு மேலே நின்று கதைத்தார்கள். சின்னராசாவின் லைசென்சில் ஏற்கெனவே தண்டப் புள்ளிகள் விழுந்திருந்தன. இன்னும் ஒன்று விழுந்தால் டாக்சி போய்விடும்.

"பாமா, ஐஸிலை வழுக்கினதெண்டு சொல்லும். விளங்குதே?" என்று ஸ்ரீதரன் குனிந்து சொன்னான்.

நோவில் கண் இருட்டிக்கொண்டு வந்த பாமா "ஓம்" என்றாள். நெளிந்த சைக்கிளைச் சின்னராசா டாக்சியின் பின்பெட்டிக்குள் திணித்துக்கொண்டு போனான். பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது. கேட்ட பொலிஸ்காரனுக்கும் டொக்டருக்கும் அவள் ஐஸ் என்றே சொன்னாள். அன்றைக்கு அந்த வளைவில் மருந்துக்கும் ஐஸ் இருக்கவில்லை. றோட்டு காய்ந்து கிடந்தது. அதை யார் போய்ப் பார்த்தார்கள்?

ஏப்ரல் வந்தது. ஐஸில் வழுக்காமலிருக்க மாரிக் குளிரில் றோட்டில் கொட்டிய கல்லுமண்ணை இயந்திரங்கள் கூட்டி அள்ளுகிற தூசியில் ஹவுகெட்டோ முழுக்கத் தும்மியது. பாமா வேலைக்குத் திரும்பியிருந்தாள், நொண்டி நொண்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவதில்லை, போக வழியில்லை. வீட்டுக்குள்ளும் அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. துடைத்த மேசையைத் துடைப்பாள், யன்னலடிக்குப் போவாள், திரும்ப வருவாள்.

மகள் துஷாரா இங்கே பிறந்தவள், நகரத்தில் ஒரு கந்தோரில் வேலை. தாய் விழுந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே மூச்சு: அந்த வளைவுக்கு ஒரு சைக்கிள் பாதை, ஞாயிறு விடிகாலைக்கு ஒரு பஸ். ஸ்டேஷன் வாசலில் மழையிலும் நின்று ஆட்களை மறித்துக் கதைப்பாள். நாலைந்து நோர்வேக்காரரும் ஒரு சோமாலியப் பெண்ணும் அவளோடு சேர்ந்திருந்தார்கள். தமிழர் ஒருவர்கூட இல்லை. எங்கள் ஆட்கள் அந்த வழியால் வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு போவார்கள்.

அன்று பின்னேரம் துஷாரா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள். பாமா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் மீன்குழம்பு கொதித்தது. வேலைக்குப் போகமுன் சாப்பிட ஸ்ரீதரன் மேசையில் இருந்தான்.

"அம்மா, இண்டைக்கு நகரசபை றோட்டு இஞ்சினியரோடை கதைச்சனான். என்ன சொல்லுறார் தெரியுமே? அந்த வளைவிலை ஒரு உலிக்கெயும் இல்லையாம்!"

உலிக்கெ என்றால் நோர்வேஜிய மொழியில் விபத்து. பாமாவின் கை மாவுக்குள் நின்றது.

"நான் கேட்டன், அப்ப என்ரை அம்மா? எண்டு. அது காரோடை நடந்த உலிக்கெ இல்லையாம். ஐஸிலை தானா வழுக்கினதாம். அதுக்குப் பாதை தேவையில்லை, மாரியிலை இன்னும் கொஞ்சம் கல்லுமண் போட்டால் காணுமாம். ஆர் ஆரோ ரெண்டு மூண்டு பேர் அதிலை மயிரிழையிலை தப்பினவையாம், ஆனால் இடிபட்ட ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை. பாருங்கோ அப்பா, அம்மாவின்ரை காலையே எனக்கு எதிராக் காட்டினம்!"

"சாப்பிடவிடு பிள்ளை" என்றான் ஸ்ரீதரன். குழம்பு இன்னும் சாப்பாட்டுக் கோப்பையில் விழவேயில்லை.

"வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்திலை கூட்டம். அதோடை முடிவெடுக்கப் போகினம். அம்மா, நீங்கள் வந்து உங்கடை காலைக் காட்டுங்கோவன். சும்மா வந்து இருந்தாலே போதும்."

"வாறன்" என்றாள் பாமா.

ஸ்ரீதரன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை; மாவைப் போட்டுப் பிசைந்துகொண்டேயிருந்தாள். அன்றைக்குப் புட்டு களியாகிப்போனது.

அடுக்குமாடி வீடுகளில் புருசன் பெண்சாதி சண்டை பிடிக்க நல்ல இடம் நிலவறைதான். உடுப்புத் தோய்க்கிற இயந்திரங்கள் அங்கேதான் நிற்கின்றன. அவை போடுகிற சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அடுத்தநாள் பாமா கூடையைத் தூக்கச் சொல்லி ஸ்ரீதரனைக் கூட்டிக்கொண்டு கீழே போனாள்.

"இஞ்சாருங்கோ, நான் சொல்லப்போறன்."

"ஆருக்கு?"

"பிள்ளைக்கு. கூட்டத்துக்கு. கேட்டால் பொலிசுக்கும்."

"உமக்கென்ன விசரே? டாக்சியைப் பறிச்சால் அவன் என்ன செய்யிறது? அறுபதை எட்டிப் பிடிக்கிறவன் இனி வீடு வீடாப் பேப்பர் போடுறதே?"

"அப்ப என்ரை கால்?"

"கால் சுகமாயிட்டுதுதானே."

"சுகமாயிட்டுதோ! இந்தக் காலோடை ஒரு கிழவியைக் கட்டிலாலை தூக்கி இருத்திப் பாருங்கோ, தெரியும் சுகம்."

ஸ்ரீதரன் ஈர உடுப்பை உதறினான். மடித்தான். திரும்ப உதறினான். "நான் இஞ்சை வந்து இறங்கின குளிரிலை எனக்கு ஆர் இருந்தது, சொல்லும்? அவன்தானே தன்ரை மெத்தையிலை பாதியைத் தந்தவன். ரெண்டு பேரும் ஒரு போர்வைக்கை கிடந்தனாங்கள். அவன்ரை சோத்திலை மண் போடச் சொல்லுறீரோ? இது நாங்கள் எங்களுக்கை பேசித் தீர்த்த அலுவல்."

"ஆர் பேசினது? நீங்கள் ரெண்டு ஆம்பிளையளும் பேசினனீங்கள். நான் றோட்டிலை கிடந்தனான்."

ஸ்ரீதரன் கூடையைக் காலால் தள்ளினான். அவன் கெட்டவனல்ல, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஐந்து மாதமாக அவளுக்குக் காலில் எண்ணெய் பூசிவிட்டவன் அவன்தான். ஆனால் நன்றிக்கடன் என்று ஒன்று எங்கள் ஆட்களின் கழுத்தில் ஏறிவிட்டால் பெண்சாதியின் காலும் கண்ணுக்குத் தெரியாது.

"ஒண்டு மட்டும் சொல்லுறன்" என்றான் கடைசியில். "நீர் வாய் திறந்தால் நான் அவன்ரை முகத்திலை முழிக்கேலாது."

"எனக்குப் பிள்ளையின்ரை முகத்திலை முழிக்கேலாமல் கிடக்கு" என்றாள் பாமா.

புதன்கிழமை சின்னராசாவின் மனைவி கமலாதேவி வந்தாள். மாரி முழுக்க வாரம் தவறாமல் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொண்டுவந்தவள். முறிந்த எலும்புக்கு அதைப்போல வேறு மருந்தில்லை என்று நகரத்துக் கிரோன்லாண்டில் உள்ள வெளிநாட்டவர் கடைகளில் ஏறி இறங்கி ஆட்டுக்கால் தேடியவள். அவளுக்கும் ஐஸ் என்றுதான் தெரியும். புருசன் சொன்னான், நம்பினாள். அந்த சூப்பைப் பாமா ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் பாத்திரத்தைத் தானே கழுவிக் கொடுப்பாள்.

"பாமா, ஒரு புதினம் தெரியுமே? எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கிடைச்சிருக்கு. ஸ்டேஷனுக்கு அங்காலை அந்தப் பெரிய கடை இருக்கெல்லே, திறக்கமுன்னம் துப்பரவாக்கிக் குடுக்கவேணும்."

"நல்லம் அக்கா. எப்பிடிப் போவியள்? பஸ்ஸும் இல்லை."

கமலாதேவி சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். "சைக்கிள் வாங்கிட்டன்! நீர்தான் எனக்குத் துணிவு. சனம் சொல்லுறதைச் சொல்லட்டும். இவர் சனி இரவு டாக்சி ஓடிப்போட்டு விடியத்தான் வாறவர், நான் வெளிக்கிடுறதும் அப்பதான். வளைவிலை ஆளுக்காள் கை காட்டிப்போட்டுப் போகலாம்!"

பாமா தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"அக்கா, அந்த வளைவாலை போகாதேங்கோ."

"வேறை பாதை எங்கையப்பா இருக்கு? அதோடை ஐஸ் எல்லாம் உருகிப்போச்சு, இனி என்ன பயம்? மாரி வந்தால் பாப்பம்."

பாமா வாயைத் திறந்தாள். கமலாதேவியோ அதற்குள் சைக்கிளின் நிறத்தைப் பற்றியும் தலைக்கவசம் கொண்டையில் ஏறாததைப் பற்றியும் சொல்லிச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அவள் போன பிறகு பாமா யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். ஐஸ் என்று தான் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஒருத்தி அந்த வளைவுக்குள் சைக்கிளை விடப்போகிறாள். நடந்து நடந்து கால் வீங்கிப்போனது.

வியாழக்கிழமை மண்டபத்தில் கோப்பி வாசமும் வாஃபல் வாசமும் ஈர உடுப்பு வாசமும் கலந்து கிடந்தன. வெளியே மழையும் பனியுமாக அடித்தது. கார் நிறுத்த இடம் போய்விடும் என்று சண்டைக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், துஷாராவின் ஆட்கள் மறுபக்கம். கடைசி வரிசையில் டாக்சிக்காரர்கள், அவர்களுக்குள் சின்னராசா. கமலாதேவியும் வந்திருந்தாள். இனித் தானும் சைக்கிள்காரி அல்லவா! பாமாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்ரீதரன் கதவடியில் நின்றான், உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை.

இஞ்சினியர் பாவம், நல்ல மனிதன். திரையில் வரைபடத்தைக் காட்டினார். வாகன விபத்து நடந்த இடமெல்லாம் சிவப்புப் பொட்டு. ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள வளைவில் பொட்டே இல்லை.

"பணம் அளவானது. ஆட்கள் இடிபடுகிற இடத்துக்குத்தான் முதலில் செலவழிக்கலாம்" என்றார் அவர்.

துஷாரா எழுந்து பேசினாள். அழகாகத்தான் பேசினாள். பஸ் இல்லாத ஞாயிறுகள், இருட்டில் நடந்து வேலைக்குப் போகிற பெண்கள், எல்லாம் சொன்னாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் கையை உயர்த்தி, "உன் அம்மா விழுந்ததற்கு எனக்கும் கவலைதான். ஆனால் அது ஐஸ். ஐஸுக்காக றோட்டை இடிப்பதா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். துஷாராவின் கழுத்து சிவந்தது. அதைப் பாமாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எழுந்துவிட்டாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னாள்:

"ஐஸ் இருக்கவில்லை. ஒரு கார் என்னை இடித்தது. நான் பொய் சொன்னேன்."

சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துஷாரா தாயைப் பார்த்தபடி நின்றாள். இஞ்சினியர் திரையை அணைத்தார். பிறகு மெதுவாக, "பெயர் எதுவும் இங்கே சொல்ல வேண்டாம். பொலிசில் போய்ச் சொல்லுங்கள். அங்கே பதிந்தால்தான் நாங்கள் அதைக் கணக்கில் எடுக்கலாம். நாங்கள் முடிவைத் தள்ளிவைக்கிறோம்" என்றார்.

பாமா திரும்பவும் உட்கார்ந்தாள். கமலாதேவி அவளின் கையைப் பிடித்தாள்.

"ஆர் பாமா? ஆர் அந்த அறுவான்?"

பாமாவையும் அறியாமல் அவளின் கண் ஒருமுறை கடைசி வரிசைக்குப் போய் வந்தது. கமலாதேவி அந்தக் கண் போன வழியே திரும்பிப் பார்த்தாள். சின்னராசா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கமலாதேவி பிடித்த கையை விட்டாள். எழுந்து, ஒருவரோடும் பேசாமல், மழைக்குள் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் துஷாரா வெடித்தாள்.

"ஐஞ்சு மாசம் அம்மா! மழையிலை நிண்டு கத்தினனான். எனக்குக்கூடச் சொல்லேல்லை. ஏனம்மா? ஆரைக் காப்பாத்த?"

"என்னைத் திட்டு பிள்ளை. நல்லாத் திட்டு."

"திட்டி என்ன? நாளைக்கு நானும் பொலிசுக்கு வாறன்."

"வேண்டாம். நீ வேலைக்குப் போ. பொய் நான் சொன்னது, நான்தான் போகவேணும்."

ஸ்ரீதரனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் எடுத்தான். "அவ கேக்கிறா இல்லை, மச்சான்" என்று மட்டும் சொன்னான். பிறகு வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு நேரத்துக்கு முன்னமே பேக்கரிக்குப் போய்விட்டான். சாப்பாட்டைத் தொடவில்லை.

அடுத்தநாள் காலை ரயில் மேடையில் கமலாதேவி நின்றாள். இரவு முழுக்க அழுதவளின் முகம். பாமா எட்டவே நின்றுவிட்டாள். காலில் விழுந்து மன்றாடினால் என்ன செய்வது? அப்படி மன்றாடினால் தன் மனம் இளகிவிடும் என்று பாமாவுக்கே தெரியும்.

"மறிக்க வந்தனீங்களோ, அக்கா?"

"தெரியேல்லை" என்றாள் கமலாதேவி. "வீட்டிலை இருக்கேலாமல் கிடந்தது. வெளிக்கிட்டு வந்தனான்."

ரயில் வந்தது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தார்கள்.

"அவர் என்ன சொன்னவர்?"

"என்ன சொல்லுறது? அழுதார். நித்திரை கண்ணைக் கட்டிப்போட்டுதாம். உம்மை நினைச்சால் பயமாம்." கமலாதேவி மூக்கைத் துடைத்தாள். "என்னைக் கொண்டு சூப் வைப்பிச்சிருக்கிறார் பாமா. நானும் விசரி, எலும்பு பொருந்தவேணுமெண்டு நேர்ந்து நேர்ந்து வைச்சனான்."

"உங்களிலை பிழையில்லை அக்கா."

"பொறும், நான் முடிக்கேல்லை. ராத்திரி நான் அவரிட்டை ஒண்டு கேட்டன். நான் சைக்கிள் வாங்கினதைச் சொல்லேக்கை, அந்த வளைவாலைதான் போவன் எண்டு சொல்லேக்கை, ஒரு சொல்லு போகாதை எண்டு சொல்லியிருக்கலாமெல்லே? அவருக்கு மட்டும் தெரியும் அதிலை என்ன நடந்ததெண்டு. பேசாமல் டிவியைப் பாத்துக்கொண்டிருந்தவர். ஏனப்பா எண்டு கேட்டன். சொன்னால் ஏன் எண்டு கேப்பாய், அதாலை சொல்லேல்லையாம்."

நகரம் வரும்வரை இருவரும் யன்னலால் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஓர் இளம் பொலிஸ்காரி அவர்களை உள்ளே கூப்பிட்டாள். பாமா நடந்ததையெல்லாம் சொன்னாள். இருட்டு, வளைவு, வெளிச்சம், நெளிந்த சைக்கிள். பொய் சொன்னதையும் சொன்னாள். அதற்குத் தண்டம் வரக்கூடும் என்றாள் பொலிஸ்காரி. வரட்டும் என்றாள் பாமா.

"ஓட்டியவரைத் தெரியுமா?"

"தெரியும்."

"யார்?"

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு பெயர்தான் மிச்சம். ஆனால் அந்தப் பெயருக்குரியவனின் பெண்சாதி தோளோடு தோள் முட்ட இருக்கிறாள். அவளின் அடுப்பை அவளுக்கு முன்னாலேயே எப்படி அணைப்பது? பொலிஸ்காரி காத்திருந்தாள்.

"என் கணவர்" என்றாள் கமலாதேவி, நோர்வேஜிய மொழியில்.

பொலிஸ்காரி அவள் பக்கம் திரும்பினாள். "அவருடைய பெயர்?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து கமலாதேவி அந்தப் பெயரை வாயால் சொன்னவளல்ல. வீட்டில் 'இஞ்சாருங்கோ', வெளியில் 'இவர்', டொக்டரிடமும் வரிக் கந்தோரிலும் கேட்டால் அவருடைய அட்டையை எடுத்து நீட்டுவாள். இப்போதும் பழக்கத்தில் கை பைக்குள் போனது. அட்டை இல்லை. வெறுங்கையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சின்னராசா" என்றாள்.

பொலிஸ்காரிக்குச் சரியாகக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னாள்.

"சின்னராசா" என்றாள் கமலாதேவி, உரக்க.